நரையும் நீச்சலும்

சென்ற மாதம் மன்னார் பெரியகடைப் பகுதியில் உள்ள ஒரு சலூனில் முடி வெட்டுவதற்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் ஓர் ஆசிரியர். ஐம்பதைத் தாண்டி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கலாம். தலையிலும் மீசையிலும் கருஞ்சாயம் பூசப்பட்டிருந்தது. காதோரம் வழிந்த சாயத்தைப் பழைய பத்திரிகைத் துண்டொன்றினால் ஒற்றிக்கொண்டிருந்தார். (பத்திரிகைகளின் இறுதிப் பயன்பாடுகளுள் இதுவும் ஒன்று என்பதை நான் நெடுங்காலமாக அறிவேன்.) மகளின் திருமணம் அடுத்த கிழமை என்றார். "படத்தில பிள்ளைக்குப் பக்கத்தில கிழவன் மாதிரி நிக்கக் கூடாது பாருங்கோ" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். என் முறை வந்தபோது சலூன்காரத் தம்பி கேட்டார்: "ஐயா, உங்களுக்கும் அடிச்சு விடவோ? பத்து வயசு குறைஞ்சிடும்."

வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டோ என்பது வேறு விடயம். ஏனெனில் நானும் பதினொரு ஆண்டுகள் தலைக்குச் சாயம் பூசியவன். நாற்பத்தொரு வயதில் தொடங்கினேன். அக்காலத்தில் நான் பணியாற்றிய ஆசிரிய பீடத்தில் கணினி வந்துவிட்டது. கணினியோடு இளைஞர்களும் வந்தார்கள். புதிய பக்க வடிவமைப்பு பற்றிய கூட்டங்களுக்கு நரைத்த தலைகள் அழைக்கப்படுவதில்லை என்பதை நாங்கள் மெல்ல மெல்ல உணர்ந்தோம். என்னைவிட இரண்டு வயது மூத்த சக ஊழியர் ஒருவர் ஒரு திங்கட்கிழமை திடீரெனக் கரிய தலையோடு வந்தார். அடுத்த மாதமே நானும். அந்நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அப்படிப்பட்ட நிறுவனங்கள் பல.

சாயத்தை நிறுத்தியது தத்துவ விசாரத்தினால் அன்று. தலைத்தோல் சிவந்து, நெற்றி வீங்கி, ஒரு நாள் கண்களைத் திறக்க முடியாத நிலையில் வைத்தியரிடம் ஓடினேன். பெரும்பாலான கருஞ்சாயங்களில் உள்ள பாரா பினைலீன் டையமீன் என்ற இரசாயனப் பொருளுக்குச் சிலரது உடல் ஒவ்வாமை காட்டும் என்று அவர் விளக்கினார். பல ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இன்றிப் பூசியவர்களுக்குக்கூட ஒரு நாள் அது தொடங்கலாமாம். அன்றிலிருந்து என் தலை தன் விருப்பப்படி வெளுத்துவிட்டது. ஆகவே சாயம் பூசுவோரை ஏளனம் செய்வது என் நோக்கமன்று. வேலை தேடிக் கொழும்புக்குச் செல்லும் ஐம்பது வயதுக்காரருக்கு அது வயிற்றுப்பாட்டின் ஒரு பகுதி. மகளின் திருமணப் படத்தில் நிற்கப்போகும் தந்தைக்கு அது ஓர் ஆசை. இரண்டையும் குறை சொல்ல நான் யார்?

எனது கவலை வேறு. முடியின் வேரில் நிறத்தைத் தரும் உயிரணுக்கள் ஓய்ந்துபோவதால் நரை வருகிறது. அதற்கும் ஒருவருடைய இதயத்தின் வலிமைக்கும் கால்களின் உறுதிக்கும் பெரிதாகத் தொடர்பு இல்லை. உண்மையான இழப்பு கண்ணாடியில் தெரியாத இடத்தில் நிகழ்கிறது. முப்பது வயதைத் தாண்டிய பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசைத் திணிவில் 3 முதல் 8 சதவீதம் வரை குறைகிறது என்றும், அறுபதின் பின் அந்த வேகம் கூடுகிறது என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. உடலைப் பயன்படுத்துவோரிடம் இந்த இழப்பு மெதுவாகவே நடக்கும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்றும், தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாயத்துக்குச் செலவிடும் அரை மணி நேரத்தை நாம் கணக்கிடுகிறோம். மற்றதைக் கணக்கிடுவதில்லை.

அதனினும் பெரிய இழப்பு நம்மவர் வாயிலேயே இருக்கிறது. "வயது போட்டுது, இனி என்ன" என்ற வாசகத்தை நான் முதன்முதலில் முப்பத்தெட்டு வயதான ஒரு பெண்ணின் வாயிலிருந்துதான் கேட்டேன். ஆங்கில வகுப்பொன்றில் சேருமாறு கூறியபோது அவர் சொன்ன பதில் அது. மூத்த பிள்ளை பெரியவளாகிவிட்டாள், இனித் தாய் வகுப்புக்குப் போவது அழகில்லை என்பது அவரது விளக்கம். அரசாங்கத்துக்குக்கூட வயது பற்றி உறுதியான கருத்து கிடையாது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரச ஊழியரின் ஓய்வு வயதை 65 ஆக உயர்த்தியவர்கள், அதே ஆண்டு முடிவதற்குள் 60 ஆகக் குறைத்தார்கள். திறைசேரியின் தேவைக்கேற்ப மனிதர் முதியவராகவும் இளையவராகவும் மாறுகிறார். நமது அயலவர்களோ நாற்பதிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

இப்போது கடலுக்கு வருவோம்.

2021 மார்ச் மாதத்தில், தலைமன்னார்க் கரையிலிருந்து விடியும் முன்னரே ஒரு பெண் கடலில் இறங்கினார். ஹைதராபாத்தைச் சேர்ந்த கோலி ஷியாமளா. அப்போது அவர் நாற்பதுகளின் பிற்பகுதியில் இருந்தார். சிறு வயதிலிருந்தே பயிற்சி பெற்ற வீராங்கனை என்று எண்ணிவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டிய பின்னரே அவர் நீச்சல் கற்றவர். ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பதின்மூன்று மணி நாற்பத்து மூன்று நிமிடங்களின் பின்னர், அன்று மாலை, தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கரையேறினார். 2004 இல் இதே கடலைக் கடந்த வங்காளத்துப் பூலா சௌத்ரிக்குப் பின்னர் இதைச் சாதித்த இரண்டாவது பெண் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் அத்துடன் நிற்கவும் இல்லை. 2025 ஜனவரியில், தமது 52 ஆவது வயதில், விசாகப்பட்டினத்திலிருந்து காக்கிநாடா வரையான 150 கிலோமீற்றரை நாள்களாகப் பிரித்து நீந்தி முடித்தார்.

அவருடைய படத்தைத் தேடிப் பாருங்கள். திரைப்பட நடிகையின் உடல் அன்று அது. நம் தெருவில் காலையில் பால் வாங்கக் கடைக்குப் போகும் ஒரு தாயாரின் தோற்றம். அந்தப் படம் எனக்குள் ஏற்படுத்திய வியப்பை எந்த உலகச் சாம்பியனின் படமும் ஏற்படுத்தியதில்லை.

இந்தக் கடலைக் கடந்தோரின் வரிசை நீளமானது. வங்காளத்து மிஹிர் சென் 1966 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி நேரத்துக்கும் மேலாக நீந்தினார். நம் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், மீண்டும் நீந்தியே திரும்பினார். மொத்தம் 51 மணி நேரம். அந்தச் சாதனை ஐம்பது ஆண்டுகள் நின்றது. 2021 ஏப்ரலில் விமானப்படை வீரரான ரொஷான் அபேசுந்தர 28 மணி 19 நிமிடங்களில் சென்று திரும்பி அதை முறியடித்தார். 2022 மார்ச்சில், மன இறுக்கம் எனப்படும் ஓட்டிசம் நிலையுடைய 13 வயது மும்பைச் சிறுமி ஜியா ராய் 13 மணி 10 நிமிடங்களில் கடந்தார். பதின்மூன்று வயதுச் சிறுமியும் நாற்பதுகளைக் கடந்துகொண்டிருந்த பெண்மணியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இக்கடலைக் கடந்திருக்கிறார்கள் என்பதைச் சற்று நிதானித்து நோக்குங்கள். நீரோட்டமும் காற்றும் ஒவ்வொரு நாளும் வேறு என்பது உண்மைதான். ஆயினும் கடல் எவரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை.

மறு பக்கத்தையும் எழுதாவிடில் நான் பத்திரிகையாளன் ஆகமாட்டேன். ஆனந்தன் 1984 இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். வயது 41. மிஹிர் சென் பிற்காலத்தில் நினைவாற்றலை இழந்து, 1997 இல் காலமானார். 2024 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு அஞ்சல் முறையில் நீந்திய குழுவொன்றில் பங்குபற்றிய, பெங்களூரைச் சேர்ந்த 78 வயது நீச்சல் வீரர் ஒருவர் நடுக்கடலில் மாரடைப்பினால் இறந்தார். அச்செய்தி வந்த நாளில் எனக்குத் தெரிந்த பலரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "இந்த வயசில இது தேவையா?" நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. பின்னர், என் வகுப்புத் தோழர்களில் இதுவரை மாரடைப்பினால் இறந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேர். ஒருவராவது கடலில் இறக்கவில்லை. ஐவர் தொலைக்காட்சியின் முன்னாலோ படுக்கையிலோ இறந்தார்கள். அவர்களைப் பற்றி எவரும் "இந்த வயதில் தொலைக்காட்சி தேவையா" என்று கேட்கவில்லை. இப்படிச் சொல்வதால், சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ள என்னைப் போன்றோர் நாளையே கடலில் குதிக்க வேண்டும் என்று பொருளன்று. வைத்தியரைக் கேட்டு, இதயத்தைச் சோதித்து, முழங்காலளவு நீரில் தொடங்குவதே அறிவு. ஆபத்தின் அளவை அறிந்து இறங்குவது ஒன்று. வயதைச் சாட்டி இறங்காமலே இருப்பது வேறொன்று.

இவ்வளவும் நடந்த இந்தக் கரையில் வாழும் நம் பெண்கள் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? நாலு பக்கமும் நீர் சூழ்ந்த தீவு இது. பாலத்தால் மட்டுமே பெருநிலத்தோடு ஒட்டியிருக்கிறது. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஆண் பிள்ளைகள் நடக்கத் தொடங்கும்போதே நீந்தத் தொடங்கிவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளை ஏழெட்டு வயதில் கரைக்கு ஏற்றிவிடுகிறோம். அதன் பின் வலை தெரிவது, மீன் வெட்டுவது, கருவாடு போடுவது, எல்லாம் கரையில்தான்.

பேசாலையில் கருவாட்டு வாடி நடத்தும் பெண்மணி ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். ஐம்பத்து நான்கு வயது. பார்ப்பவர்கள் அறுபத்தைந்து என்பார்கள். வெயிலும் உப்பும் சேர்ந்து முகத்தை அப்படி ஆக்கியிருக்கின்றன. இளமைத் தோற்றம் பற்றி எழுதும் வார இதழ்கள் இந்த உண்மையைச் சொல்வதில்லை: தோற்றத்தில் இளமையாக இருப்பது பெரும்பாலும் நிழலில் வாழ முடிந்தவர்களின் சலுகை. நாற்பது வயதில் அறுபதாகத் தெரியும் கடற்றொழிலாளியிடம் உடற்பயிற்சி பற்றிப் பேசுவது அவரைக் கேலி செய்வதாகும். அவர் இழுக்கும் வலையின் பாரம் எந்த உடற்பயிற்சி நிலையத்திலும் இல்லை. ஆனால் அதே வலை ஒரே தோளையும் ஒரே இடுப்பையும் முப்பது ஆண்டுகள் தேய்க்கிறது. உழைப்பு உடலைக் காக்கும் என்பது பாதி உண்மை. உழைத்த உடலுக்கு ஓய்வும் விளையாட்டும் வேண்டும் என்பது மீதிப் பாதி. கடலுக்குப் போகும் ஆண்களுக்குக் கரைவலை மணலில் படுத்துக் கதை பேசும் நேரமாவது உண்டு. பெண்களுக்கு அதுவும் இல்லை.

அந்தப் பெண்மணி 1990 இல் தன் பெற்றோரோடும் தங்கையோடும் படகேறி இராமேஸ்வரம் புறப்பட்டார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது இருக்கும். அக்காலத்தில் ஓட்டிகள் பலர் இந்தியக் கடற்படைக்கு அஞ்சி அகதிகளை மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்பது இக்கரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர்களையும் இருட்டில் இறக்கிவிட்டார்கள். அது திட்டு அன்று, திட்டுக்கு முந்திய நீர். ஆணாகப் பிறந்த தந்தைக்கு நீந்தத் தெரியும். தாயை அவர் இழுத்துக்கொண்டு போனார். மூத்தவள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு வயதுத் தங்கை கரை சேரவில்லை. மீனவக் குடும்பத்துப் பெண், கடற்கரையிலிருந்து இருநூறு யார் தூரத்தில் பிறந்து வளர்ந்தவள்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையில் கிழக்குக் கரையில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்தார்கள் என்று பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகள் கூறின. நீந்தவும் மரமேறவும் பழக்கப்படாமை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மன்னாரை அந்த அலை பெரிதாகத் தொடவில்லை. ஆகவே நமக்கு அந்தப் பாடமும் வந்து சேரவில்லை.

நடுவயதைப் பற்றி மன்னாரில் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 இல் இருபது வயதாக இருந்தவர்கள் இன்று ஐம்பதுகளின் நடுவில் நிற்கிறார்கள். அவர்களுடைய இளமை எங்கே போயிற்று? ஒரு பகுதி மண்டபம் முகாமில். ஒரு பகுதி மடுவில். அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு எருக்கலம்பிட்டியிலிருந்து கடல் வழியே கற்பிட்டிக்குச் சென்ற முஸ்லிம் மக்களுடைய இளமை புத்தளத்து ஓலைக் குடிசைகளில். போர் முடிந்து, அவர்களில் ஒரு பகுதியினர் முசலிப் பக்கம் திரும்பியபோது, ஊர் காடாகிக் கிடந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் கத்தியும் கோடரியும் எடுத்துத் தம் சொந்த முற்றங்களைக் காட்டிலிருந்து மீட்டார்கள். "இனி என்ன" என்று அவர்கள் சொல்லியிருந்தால் இன்று அங்கே ஊர் இல்லை. இளமையை முகாமில் கழித்தவர்களிடம், நாற்பதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு இந்தச் சமூகத்துக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர்களுக்கு அப்போதுதான் தொடங்கியது.

பள்ளிமுனையில் ஏறத்தாழ 700 ஆண்டுகள் பழமையானது என்று சொல்லப்படும் பெருக்கமரம் நிற்கிறது. சுற்றளவு 19 மீற்றருக்கும் மேல். தோல் யானையின் தோலைப் போல் மடிந்து தொங்குகிறது. கொழும்பிலிருந்து வருவோர் எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், பெரும்பாலும் சாயம் பூசிய தலைகளோடு. இது ஒரு கிழவனின் குறும்பு. மன்னிக்கவும்.

எனது கோரிக்கை எளியது. இத்தீவில், பெண்களுக்கென்று, முப்பது வயதுக்கு மேற்பட்டோரும் வரக்கூடியதாக ஒரு நீச்சல் வகுப்பு வேண்டும். பெண் பயிற்றுநர் வேண்டும். உடை மாற்ற ஓர் அறை, மறைப்பு, உயிர்காப்பு மிதவைகள், அலையற்ற ஆழமில்லாத ஒரு கரைத் துண்டு. வட கரையில் அப்படியான இடங்கள் பல உண்டு. இதற்கு வெளிநாட்டு நிதி தேவையில்லை. நகர சபையும் பிரதேச சபையும் மாதர் சங்கங்களும் ஒன்றுகூடி அமர்ந்தால் போதும். கலாசாரம் கெட்டுவிடும் என்பார்கள். கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் தமக்குள் உடன்படும் அரிய விடயங்களுள் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. படகில் ஏற்றி அனுப்பும்போது எந்தக் கலாசாரமும் நம் பெண்களைத் தடுக்கவில்லை. அதே நீரில் மிதக்கக் கற்பதை மட்டும் அது ஏன் தடுக்க வேண்டும்? இளம் பெண்களுக்கு மட்டும் வைத்தால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. தாய் கரையில் அஞ்சி நிற்கும்போது மகள் எவ்வளவு தூரம் போவாள்?

கோலி ஷியாமளாவின் கதையைப் பேசாலைப் பெண்மணியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தங்கையின் நினைவைக் கிளறிவிடுவேனோ என்ற தயக்கமும் இருந்தது. சென்ற கிழமை வாடிக்குப் போயிருந்தேன். தட்டில் சீலாக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த அம்மாவுக்கு எத்தின வயசு எண்டு சொன்னீங்க?"

சொன்னேன்.

"நான் நாப்பது வருசத்துக்கு மேல இந்தக் கடலோட கிடக்கிறன் ஐயா. முழங்காலுக்கு மேல ஒருநாளும் இறங்கினதில்ல, அந்த ஒரு நாளைத் தவிர." மீண்டும் கருவாட்டைப் புரட்டினார். பிறகு, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அங்கயெல்லாம் பழகிற பொம்பிளையள் என்ன உடுப்புப் போட்டுக்கொண்டு தண்ணிக்க இறங்கிறவை?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்வதாக வாக்களித்துவிட்டு வந்திருக்கிறேன்.